கையில் தூக்கிப் பார்க்க முடியாத குத்துவிளக்கை எழுத்தில் விற்பது

கும்பகோணம் பக்கம் பாத்திரக் கடைக்குக் குத்துவிளக்கு வாங்க வருபவர் என்ன செய்கிறார் என்று கவனித்தால் போதும், ஆன்லைனில் எவ்வளவு எழுத வேண்டும் என்று தெரிந்துவிடும். முதலில் விளக்கைத் தூக்கிப் பார்ப்பார். தரையில் வைத்துப் பாதம் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்ப்பார். தட்டை விரலால் சுண்டி ஓசை கேட்பார். கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பார். தண்டைத் திருகிக் கழற்றி, மரை சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பார். பிறகு "நிறுத்துச் சொல்லுங்க" என்பார். கடைக்காரர் தராசில் வைத்துக் கிலோ விலையால் பெருக்குவார். பக்கத்தில் நிற்கும் வீட்டம்மா, "இது கறுத்துப் போகுமாங்க?" என்று கேட்பார். பத்து நிமிஷத்தில் ஏழெட்டுக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. அதில் பாதியை அவர் வாயைத் திறந்து கேட்கவே இல்லை, கையாலேயே கேட்டுவிட்டார்.

அதே விளக்கை ஓசூரிலோ புனேயிலோ உட்கார்ந்து போனில் பார்ப்பவருக்குத் தூக்கிப் பார்க்கவும் வழியில்லை, சுண்டிப் பார்க்கவும் வழியில்லை. நான்கு போட்டோவும் ஒரு விலையும்தான் கண்முன்னே இருக்கின்றன. கடையில் அவர் கை செய்திருக்கும் வேலை அத்தனையையும் எழுத்து செய்தாக வேண்டும். சேல்ஸ் பேஜ் என்று தொழிலில் சொல்லும் நீளமான விற்பனைப் பக்கம் இதற்காகத்தான்.

"இந்தக் காலத்துல இவ்வளவு யாருங்க படிக்கிறாங்க?" என்று பொருள் வைத்திருப்பவர்கள் கேட்பது வழக்கம். வாங்கும் எண்ணம் இல்லாதவர் படிக்க மாட்டார், அவருக்கு இரண்டு வரியே அதிகம். 8,000 ரூபாயை முன்பின் தெரியாத கடைக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் வரிவரியாகப் படிப்பார். இரண்டாம் தடவையும் படிப்பார். வீட்டில் இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதப் பாரு" என்பார். நாம் எழுதுவது அவருக்கு.

எவ்வளவு நீளம் என்பதைப் பொருளின் விலையும், அது வாங்குபவருக்கு எவ்வளவு பழக்கம் என்பதும், தப்பாகப் போனால் அவருக்கு என்ன நஷ்டம் என்பதும் சேர்ந்து முடிவு செய்யும். கால் கிலோ திருவையாறு அசோகா அல்வாவுக்கு நூறு சொல் போதும்: எடை, எந்த நெய், என்றைக்குச் செய்தது, எத்தனை நாள் தாங்கும், விலை. அதற்கு மேல் எழுதினால் சந்தேகம்தான் வரும். கும்பகோணம் பக்கம் நாச்சியார்கோவிலில் வார்க்கும் இரண்டடி விளக்குக்கு 1,200 முதல் 1,500 சொல் வரை போகலாம். திருபுவனம் பட்டுப் புடவைக்கு இன்னும் கூடும், ஏனென்றால் ஜரிகை, எடை, நெசவு, நிறம் போகுமா என்று வரிசையாகக் கேள்வி இருக்கிறது.

எழுதுவதற்கு முன்

இந்த வேலைக்குப் பத்து நாள் இருந்தால் ஆறு நாள் சேகரிப்புக்குப் போக வேண்டும். எழுத்து வரவில்லை என்று திணறுகிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் சரக்கு சேரவில்லை. சேராத இடத்தில் பெயரடை வந்து நிற்கும்: "சிறந்த", "தரமான", "பாரம்பரியமிக்க", "கலைநயம் வாய்ந்த". ஒரு பக்கத்தில் இந்தச் சொற்களை எண்ணிப் பார்த்தால், எழுதியவர் பட்டறைக்குப் போனாரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

பட்டறைக்குப் போனால் எதைக் கேட்பது? "உங்க விளக்கோட சிறப்பு என்ன?" என்று கேட்கவே கூடாது. அதற்கு வரும் பதில் எல்லாப் பட்டறையிலும் ஒன்றுதான். செய்முறையை வரிசையாகக் கேட்க வேண்டும். அச்சுக்கு எந்த மண்? நாச்சியார்கோவிலில் காவிரிப் படுகையின் வண்டல் மண் என்பார்கள். ஏன் அந்த மண்? நைசான மண் என்பதால் அச்சில் ஓரமும் வரியும் சிதையாமல் பதிகிறது. உருக்கிய பித்தளையை ஊற்றும்போது என்ன தப்பு நடக்கும்? சூடு போதாமல் ஊற்றினால் உலோகம் அச்சின் மூலைவரை ஓடாமல் பாதியில் உறையும். அச்சில் ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி, வார்ப்பில் ஊசித்துளை விழும். துளை தண்டில் விழுந்தால் பெரிய கேடில்லை. எண்ணெய்த் தட்டில் விழுந்தால் விளக்கேற்றிய மறுநாள் காலை கோலத்தின் மேல் எண்ணெய் நிற்கும். அப்படியானால் தட்டை எப்படிச் சோதிக்கிறீர்கள்? இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் பக்கத்தின் நடு முதுகெலும்பு. எண்ணெய் ஊற்றி ஓர் இரவு தாளின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள் என்றால் அதை அப்படியே எழுதலாம். சோதிப்பதே இல்லை என்றால், அனுப்பும் முன் சோதிக்கச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு எழுத வேண்டும். எழுத்து பொருளைத் திருத்துகிற இடம் இது. செய்யாத சோதனையை எழுதுவது ஒருநாளும் கூடாது.

இதை எல்லாப் பட்டறையும்தானே செய்கிறது, இதில் விற்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ், ஷ்லிட்ஸ் என்ற பீர் கம்பெனிக்கு எழுதியபோது இதே கேள்வி வந்தது. பாட்டில்களை நீராவியால் கழுவுவது முதல் அங்கே பார்த்ததையெல்லாம் அவர் எழுதினார். மற்ற கம்பெனிகளும் அப்படித்தான் செய்துவந்தன, ஆனால் யாரும் வாங்குபவரிடம் சொல்லவில்லை. முதலில் சொன்னவருக்கு விற்றது. தொழிலில் இருப்பவனுக்கு அன்றாடமாகிப் போன காரியம், வெளியே இருப்பவனுக்குப் புதுச் செய்தி. வண்டல் மண்ணும் ஊசித்துளையும் புனேக்காரருக்கு அப்படித்தான்.

பட்டறைக்கு அடுத்து, கடையின் வாட்ஸ்அப். கடந்த ஆறு மாதத்தில் வந்த கேள்விகளை அவர்கள் எழுதிய சொல்லிலேயே ஒரு நோட்டில் எடுத்து எழுதுங்கள். திருத்தி எழுதாதீர்கள். "5 கிலோன்னு போட்டிருக்கீங்க, அது அட்டப்பெட்டியோட சேர்த்தா?" "மேல இருக்கற அன்னம் தனியா கழட்ட வருமா?" "புளி போட்டு தேய்க்கலாமா, பாலிஷ் போயிருமா?" "ஒத்த விளக்கு தருவீங்களா, ஜோடியாத்தான் எடுக்கணுமா?" ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என்று கோடு போடுங்கள். அதிகம் வந்தது பக்கத்தின் மேல்பாதியில் வர வேண்டும். ஒரே ஒருமுறை வந்தது கடைசிக் கேள்வி பதிலில் இருந்தால் போதும். திரும்பி வந்த பார்சல்களின் காரணத்தையும் இதே நோட்டில் சேருங்கள். விளக்கில் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: "போட்டோல பெருசா தெரிஞ்சுது." அந்த ஒரு வரிக்காகவே, விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சொம்போ உட்கார்ந்திருக்கும் ஆளோ தெரிகிற மாதிரி போட்டோ எடுக்க வேண்டும். உயரத்தை அடியிலும் அங்குலத்திலும் எழுத வேண்டும், சென்டிமீட்டரில் மட்டும் எழுதினால் நம் வீடுகளில் அது கண்ணுக்குள் வராது.

யார் படிக்கிறார்

ஒரே பொருளுக்கு வருகிறவர்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மாப்பிள்ளைச் சம்பா அரிசியை எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் அதையே சாப்பிடும் வீட்டுக்கு விலை, எந்த வருஷத்து அறுவடை, பூச்சி மருந்து அடித்ததா என்ற மூன்று பதில் போதும். அந்தப் பெயரையே கேள்விப்படாதவருக்கு அடியிலிருந்து சொல்ல வேண்டும்: சிவப்பு அரிசி, மோட்டா ரகம், ஏறக்குறைய 160 நாள் பயிர், சம்பா பட்டத்தில் போட்டுத் தை மாதம் அறுப்பது. இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார். எழுதுகிறவர்கள் மறந்துவிடும் ஆள் அவர்தான். ஒருமுறை ஆசையாக ஒரு கிலோ வாங்கி, வெள்ளை அரிசி மாதிரியே வைத்து, வேகாமல், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட, மீதி முக்கால் கிலோவை டப்பாவில் மூடி வைத்திருப்பவர். அவருக்கு அரிசியின் பெருமை தெரியும். அவர் கேட்பது "எனக்கு மட்டும் ஏன் வேகல?" என்பதைத்தான். அவருக்கான முதல் பத்தி இப்படிப் போகலாம்:

"போன தடவை மாப்பிள்ளைச் சம்பா வாங்கி, சோறு விறைப்பாக வந்து, பாதியிலேயே விட்டுவிட்டீர்களா? தப்பு அரிசியிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. இதை இரவே ஊற வைக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஊறினால்தான் உள்ளே வரை வேகும்."

அதற்கு அடுத்த வரியே அளவு: ஒரு பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர், குக்கரில் எத்தனை விசில், ஆவி அடங்க எத்தனை நிமிஷம். இந்த எண்களை வேறு பக்கத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள். தீட்டிய அளவைப் பொறுத்தும், அரிசி புதுசா பழசா என்பதைப் பொறுத்தும் தண்ணீர் மாறும். பழைய அரிசி கூடுதலாக இழுக்கும். நீங்கள் விற்கும் மூட்டையிலிருந்தே ஒரு டம்ளர் எடுத்து, நான்கு பங்கு தண்ணீரில் ஆரம்பித்து மூன்று நாள் சமைத்துப் பார்த்து, உங்களுக்குச் சரியாக வந்த அளவை எழுதுங்கள். சோற்றுக்கு ஒத்து வராவிட்டால் இட்லிக்கும் கஞ்சிக்கும் எப்படி என்பதையும் சேருங்கள். விற்பனைப் பக்கத்தில் சமையல் குறிப்பு எதற்கு என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது மூட்டை ஆர்டர் ஆவதும் ஆகாததும் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

இந்த மூன்று பேரையும் ஒரே முதல் பத்தியில் பிடிக்க முயன்றால் மூவரும் நழுவுவார்கள். எந்த விளம்பரத்தைத் தொட்டு வருகிறாரோ அதற்கேற்ற முதல் பத்தி தனித்தனியாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து கீழ்வரை ஒரே பக்கமாக இருக்கலாம்.

தலைப்பு பற்றி ஒரு பழக்கம் சொல்கிறேன். இருபத்தைந்து எழுதுங்கள். முதல் பத்தும் நீங்கள் எங்கோ படித்ததாகத்தான் வரும். பதினைந்துக்கு மேல்தான் நோட்டில் சேர்த்தது மேலே மிதக்கும். "பாரம்பரியத்தின் ஒளி உங்கள் இல்லத்தில்" என்ற வரியை ஊதுவத்திக்கும் போடலாம், எல்இடி பல்புக்கும் போடலாம். எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற வரி எந்தப் பொருளையும் விற்காது. "2 அடி, 5 கிலோ 200 கிராம்: தகடு மடிக்காத முழு வார்ப்பு விளக்கு" என்றால் வேறு எதற்கும் ஒட்டாது. எண் இங்கே உதாரணத்துக்கு, உங்கள் தராசு சொல்வதைப் போடுங்கள்.

தமிழில் தலைப்பு எழுதும்போது ஒரு சங்கடம் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "நாச்சியார்கோவில் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக வண்டல் மண்ணில் வார்த்து உருவாக்கும்" என்று போய்க்கொண்டே இருந்தால், செய்தி வருவதற்குள் போன் திரையில் நான்கு வரி ஆகிவிடும். படிப்பவர் விரல் அதற்குள் கீழே தள்ளிவிடும். செய்தி முதல் நான்கு சொல்லுக்குள் வர வேண்டும். வினையே இல்லாமல் பெயரோடு முடித்தாலும் தமிழில் அழகாகத்தான் நிற்கும்.

இன்னொன்று, விளம்பரத் தமிழ் என்று ஒன்று உருவாகி நிற்கிறது. "வாங்கிடுங்கள்", "மகிழ்ந்திடுங்கள்", "இன்றே பெற்றிடுங்கள்". தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ எந்தக் கடைக்காரரும் வாசலில் நின்று "வாங்கி மகிழ்ந்திடுங்கள்" என்று சொல்லிக் கேட்டதில்லை. "எடுத்துப் பாருங்க", "வேண்டாம்னா வச்சிருங்க, பரவால்ல" என்பார்கள். இரண்டாவது வாக்கியம் எத்தனை விற்பனையை முடித்திருக்கிறது என்பது கடை வைத்தவர்களுக்குத் தெரியும். எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள். வாய் தடுக்குகிற இடத்தில் வெட்டுங்கள். பக்கத்தின் உடல் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். கேள்வி பதில் பகுதியில் கேள்விகளை மட்டும் வாங்குபவர் கேட்ட பேச்சுத் தமிழிலேயே விடுங்கள். தன் கேள்வியைத் தன் சொல்லிலேயே பார்க்கும்போது அவருக்கு வரும் நம்பிக்கை வேறு.

நம்ப வைப்பது

விளக்குக்கு நல்ல சாட்சி, தராசின் எண் தெரிய எடுத்த போட்டோ. அடுத்தது, இருபது விநாடி வீடியோ: ஒரு கை தண்டைத் திருகிக் கழற்றுகிறது, மரையைக் காட்டுகிறது, திரும்பப் பூட்டுகிறது, தட்டைச் சுண்டுகிறது. பின்னணிப் பாட்டு வேண்டாம். சுண்டிய ஓசை கேட்க வேண்டும். வாடிக்கையாளர் சொன்னதைப் போடுவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், எழுத்துப் பிழையோடு அப்படியே போடுங்கள். "சூப்பர், நன்றி" என்பது பத்து இருந்தும் பயனில்லை. "பிரபை கொஞ்சம் வளைஞ்சு வந்துச்சு, போட்டோ அனுப்பினேன், நாலு நாள்ல வேற அனுப்பிட்டாங்க" என்ற ஒரு வரி (பிரபை என்பது விளக்கின் உச்சிப் பாகம்) அவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும், ஏனென்றால் தப்பு நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் வாங்குபவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊரின் பொருளுக்கு அந்த ஊர்ப் பெயரோடு தரும் சட்ட அங்கீகாரம் பற்றி எழுதும்போது கவனம் வேண்டும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலை வெண்கலச் சிலை, தஞ்சாவூர் ஓவியம், 2019-இல் திருபுவனம் பட்டு, 2025-இல் கும்பகோணம் வெற்றிலை என்று டெல்டாவில் பல பொருளுக்கு அது கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரையும் முத்திரையையும் போட்டு விற்கும் உரிமை, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு பெற்றவருக்கே. வேறு ஊரில் தகட்டில் செய்த விளக்கை வாங்கி வைத்து நாச்சியார்கோவில் பெயரில் எழுதிக் கொடுப்பது, அந்த ஊர்ப் பட்டறைக்காரர் வயிற்றில் அடிப்பது. அப்படி எழுதச் சொன்னால் அந்த வேலையை விட்டுவிடுவதே சரி.

அரிசி விற்பவர்கள் செய்வது வேறு. பக்கத்தின் மேலே இயற்கை விவசாயத்துக்குப் பாடுபட்ட நம்மாழ்வார் படம், கீழே நெல் ஜெயராமன் படம். இருவரும் இந்த மண்ணுக்காக உழைத்தவர்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டவர் ஜெயராமன். 2018 டிசம்பரில் காலமானார். உங்கள் மூட்டையில் இருப்பது எந்த வயலில் விளைந்தது என்பதற்கு அவர்கள் படம் சாட்சி ஆகாது. எந்த ஊர், எந்தப் பட்டம், எத்தனை ஏக்கர், எந்த ஆலையில் எவ்வளவு தீட்டியது என்று எழுதுங்கள். அந்தப் பெரியவர்களுக்கு அதுதான் மரியாதை.

அதைவிட முக்கியமானது நோய் பற்றிய வாக்கு. "சர்க்கரையைக் குணப்படுத்தும் அரிசி" என்று எழுதாத பக்கம் குறைவு. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்து மருந்து, மந்திர சிகிச்சை விளம்பரச் சட்டம் தடுக்கிறது. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகளும் தடுக்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். அபராதத்தை விடுங்கள். அந்த வரியை நம்பி ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? எழுதும் கைக்கு அந்தப் பயம் இருக்க வேண்டும். தவிடு நீக்காத அரிசி, நார்ச்சத்து உண்டு, மெல்ல நேரம் எடுக்கும், வயிறு நிறைந்து நிற்கும் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சர்க்கரை உள்ளவர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று தெளிவாக எழுதுங்கள். விற்பனை குறையும் என்று பயப்படுவார்கள். நிதானமாக எழுதியவரை நம்பி வாங்குகிறவர்கள் நிற்பார்கள்.

விலை, பெட்டி, கூரியர்

விலையை ஒளித்து வைக்காதீர்கள். "விலைக்கு மெசேஜ் பண்ணுங்க" என்ற வரி, பாதிப் பேரைத் திருப்பி அனுப்பும். பொட்டலப் பொருளானால் எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரித்தவர் பெயர் முகவரி, எந்த நாட்டில் தயாரானது, குறை சொல்ல வேண்டிய எண் ஆகியவை பக்கத்திலேயே இருக்க வேண்டும். உணவாக இருந்தால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் சேரும். பணம் கட்டும் திரையில் வந்து புதுசாகப் பேக்கிங் சார்ஜ் ஏற்றுவதை, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஏமாற்று உத்திகள் பற்றிய நெறிமுறைகள் பெயர் சொல்லியே தடுக்கின்றன. "இன்னும் 9 நிமிஷம் மட்டுமே" என்று ஓடும் பொய்க் கடிகாரமும் அதே பட்டியலில் இருக்கிறது.

நம் பொருள்களுக்குப் பொய்க் கெடு தேவையே இல்லை. உண்மையான கெடு காலண்டரிலேயே இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு விளக்கு வீடு சேர வேண்டுமானால், வார்த்து, கடைந்து, பாலிஷ் போட்டு, கூரியரில் போக எத்தனை நாள் என்று பட்டறையில் கேட்டுப் பின்னாலிருந்து எண்ணி, கடைசி ஆர்டர் தேதியை எழுதுங்கள். சம்பா அறுவடை முடிந்து அரிசியாகி வருவது ஒரு தடவைதான். அந்த மூட்டைகள் தீர்ந்தால் அடுத்த தை வரை கிடையாது என்பது நிஜம். நிஜமான எண்ணிக்கையைப் போட்டு, விற்க விற்கக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கூரியர் கணக்கு எழுத்துக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். விளக்கு விற்பவருக்கு அதுதான் லாப நஷ்டம், பக்கத்தில் ஒரு முக்கிய வரியும் அதிலிருந்துதான் பிறக்கிறது. கூரியர்காரர் நிஜ எடையையும் கொள்ளளவு எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார். கொள்ளளவு எடைக்குப் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார்கள். இரண்டடி விளக்கை அப்படியே நிறுத்தி 70, 30, 30 பெட்டியில் வைத்தால் 12.6 கிலோ. பெட்டியோடு சேர்த்தே நிஜ எடை ஐந்தரைக் கிலோதான். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, அன்னம் வைத்த பிரபை என்று நான்காகக் கழற்றி 35, 30, 20 பெட்டியில் அடுக்கினால் 4.2 கிலோ. அப்போது நிஜ எடைக்கு மட்டும் காசு. பிரபையும் வளையாமல் போய்ச் சேரும்.

ஆனால் வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் நான்கு துண்டாகக் கிடப்பதைப் பார்த்தால் "உடைஞ்சு வந்திருக்கு" என்று உடனே போன் செய்வார். ஆகவே முன்னாலேயே எழுத வேண்டும்: "விளக்கு நான்கு பாகமாகப் பிரித்து வரும். வலப்பக்கம் திருகினால் பூட்டிக்கொள்ளும், கருவி எதுவும் வேண்டாம். மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திருகுங்கள், பிறகு கழற்ற எளிது." இதே வரிகளைப் பெட்டிக்குள்ளும் ஒரு தாளில் வையுங்கள்.

சிஓடி, அதாவது பொருள் வாசலுக்கு வந்த பிறகு பணம் வாங்கும் வசதி தருவதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வாசலில் வேண்டாம் என்று திருப்பினால் போகவும் வரவும் இரண்டு கூரியர் செலவு உங்கள் தலையில். கனமான பொருளுக்கு ஒரு சிறு தொகையை ஜிபேயில் முன்னால் வாங்கிக்கொண்டு மீதியை வாசலில் வாங்குவது நடுவழி. ஏன் முன்பணம் என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்: "கூரியர் செலவு இரண்டு பக்கமும் எங்களுடையது என்பதால்." காரணம் சொன்னால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். உத்தரவாதத்தையும் இதேபோல் முழுசாகச் சொல்ல வேண்டும். "திருப்தி இல்லையேல் பணம் வாபஸ்" என்பதில் எத்தனை நாள், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, பயன்படுத்திய விளக்கை எடுப்பீர்களா, எத்தனை நாளில் பணம் வரும் என்ற எந்தப் பதிலும் இல்லை. நான்கையும் எழுதினால் மூன்று வரிதான் ஆகும்.

திரையில்

பெரும்பாலோர் படிப்பது போனில். ஒரு பத்தி நான்கைந்து வரிக்கு மேல் போனால் திரை முழுக்கக் கறுப்பாகத் தெரியும். துணைத் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே விஷயம் புரிய வேண்டும், விரலால் வேகமாகத் தள்ளுகிறவர் படிப்பது அவற்றைத்தான். போட்டோ ஒவ்வொன்றும் 100, 150 கேபிக்குள் இருக்கட்டும். கேமராவிலிருந்து வந்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால், சிக்னல் குறைந்த ஊரில் பக்கம் திறப்பதற்குள் அவர் போய்விடுவார். ஆர்டர் பட்டன் விலை வரும் இடத்தில் ஒன்று, சாட்சிகளுக்குப் பிறகு ஒன்று, அடியில் ஒன்று. வாட்ஸ்அப் பட்டனைத் தொட்டதும் "2 அடி விளக்கு பற்றிக் கேட்க வேண்டும்" என்று செய்தி தயாராக இருக்கட்டும். என்ன எழுதுவது என்று தயங்கியே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எஸ்எம்எஸ் அனுப்புவதாக இருந்தால் ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "குத்துவிளக்கு" நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, கணக்கில் 13. அந்தச் சொல்லை ஐந்து தடவை எழுதினாலே ஒரு செய்தி தீர்ந்துவிடும். எஸ்எம்எஸ்ஸில் "விளக்கு" என்றே எழுதுங்கள்.

மாற்றிப் பார்ப்பது நல்லது, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். தலைப்பையும் விலையையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரு தலைப்புக்கு 300 பேர் வந்து 6 ஆர்டர், இன்னொன்றுக்கு 300 பேர் வந்து 9 ஆர்டர் என்றால் இரண்டாவது ஜெயித்தது என்று துள்ள வேண்டாம். அந்த எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் வரும். சின்னக் கடைக்கு அதைவிடப் பயனுள்ளது வாட்ஸ்அப் நோட்டுதான். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அதற்கான பதில் பக்கத்தில் இல்லை, அல்லது கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

தலைப்பைப் பார்த்துவிட்டு நேராக அடிக்குப் போய்விடுகிறவர்கள் நிறைய. அவர்களுக்காகப் பக்கத்தின் கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்:

"நாச்சியார்கோவில் குத்துவிளக்கு. 2 அடி, 5 கிலோ 200 கிராம், முழு வார்ப்பு. எண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்துப் பார்த்த பிறகே பெட்டிக்குள் போகும். கூரியர் சேர்த்து 8,400 ரூபாய். நான்கு பாகமாக வரும், திருகினால் நின்றுவிடும். வளைந்தோ கசிந்தோ வந்தால் 7 நாளுக்குள் போட்டோ அனுப்புங்கள், எங்கள் செலவில் எடுத்துக்கொண்டு வேறு அனுப்புகிறோம். காலை 10 முதல் இரவு 7 வரை போன் எடுப்போம்."

அதற்குக் கீழே ஒரே ஒரு போட்டோ, கவிழ்த்து வைத்த பாதத்தின் அடிப்பக்கம்.